கொழுகொம்பு

தங்கை இரண்டு பைகளோடு மூன்று மாடி ஏறி வந்து கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது ஈர மண் வாடை. நோயாளி படுத்திருக்கும் வீட்டில் மருந்து வாடைதான் அடிக்கும் என்பது நர்ஸாக அவளுடைய இருபது வருட வார்டு அனுபவம். இங்கேயோ மழை விட்ட தோட்டத்துக்குள் நுழைந்தது போல இருந்தது.

அண்ணன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். பக்கவாதம் வந்து எட்டு மாதம். உடம்பில் இமைகள் மட்டும்தான் அவன் பேச்சைக் கேட்டன. ஒரு தடவை இமைத்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. பட்ட காலிலே படும் என்பார்களே, அவனைக் கவனித்துக்கொண்ட அண்ணியும் போன வாரம் காய்ச்சலில் படுத்து, நாலே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி இவனுக்கு இவள், இவளுக்கு இவன். வேறு நாதியில்லை.

எதிர் மூலையில் அண்ணியின் மணி பிளான்ட். நார் சுற்றிய கம்பைப் பிடித்துக்கொண்டு கூரை வரை ஏறியிருந்தது. கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தது.

தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியைக் கொடுக்க வந்த எதிர்வீட்டு டெய்லர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

“மிச்சத் துணியெல்லாம் உங்க அண்ணி கேட்டு வாங்கிட்டுப் போவாங்க சிஸ்டர். அதைக் கிழிச்சுத்தான் செடியைக் கட்டுவாங்க. இறுக்கிக் கட்டக் கூடாதாம், அதுவும் மூச்சு விடணுமாம். சுண்டு விரலை உள்ள விட்டுத்தான் முடிச்சே போடுவாங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போதும் அதே புலம்பல்தான். ‘இதுங்க ரெண்டுக்கும் பிடிச்சுக்க ஒண்ணு வேணுமே’ன்னு.”

மறுநாளே வேலை பிடிபட்டுவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அண்ணனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும். இடுப்பில் ஏற்கெனவே ஒன்று வாய் திறந்திருந்தது. செடிக்கு இலை துடைக்க வேண்டும், மண்ணில் விரல் விட்டுப் பார்த்துத் தண்ணீர் விட வேண்டும், நாரை நனைக்க வேண்டும்.

“உனக்கும் செடிக்கும் சேர்த்து எனக்கு ஒரே டியூட்டி அண்ணா. சம்பளம் யாரு தருவா?” என்று கேட்டாள். அண்ணன் கண்ணில் சிரிப்பு தெரிந்தது. அதிலேயே அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

ஐந்தாம் நாள் நார்க்கம்பு அடியில் அழுகிச் சாய்ந்தது. அதைப் பிடுங்கிப் போட்டதும் கொடி நனைந்த துணிமூட்டையாகத் தரையில் சரிந்தது. புதுக் கம்பு நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம், ஒரு நாள்தானே என்று நினைத்தாள். தொட்டியை இழுத்து வந்து, கொடியைக் கட்டில் கம்பியில் சாத்திவைத்தாள். மருந்து பாட்டில், துண்டு, பை எல்லாவற்றையும் கட்டில் கம்பியிலேயே மாட்டிப் பழகிய கை அது. வேறு இடம் அதற்குத் தோன்றவில்லை.

காலையில் காபி டம்ளரோடு அறைக்குள் வந்தவள் நின்றுவிட்டாள்.

கொடி கம்பியோடு கட்டப்பட்டிருந்தது.

ஏழு முடிச்சு. நீலக் கட்டம் போட்ட துணியைக் கிழித்த நாடாக்கள். ஒவ்வொன்றிலும் சுண்டு விரல் நுழையும் இடம்.

“யாரு அண்ணா வந்தது? டெய்லரா?”

இரண்டு தடவை இமைத்தான்.

அவள் ஒரு முடிச்சுக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தாள். “அண்ணியா?”

ஒரு தடவை.

ஒரு நாடாவை அவிழ்த்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். டெய்லர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

“உங்க அண்ணிக்கு நான் கடைசியா தைச்சுக் கொடுத்த ஜாக்கெட் துணி சிஸ்டர் இது. இதைப் போட்டுத்தானே அவங்களை அனுப்பி வெச்சோம்.”

திரும்பி வந்தபோது கம்பியில் மறுபடியும் ஏழு முடிச்சு இருந்தது.

அண்ணனை எப்படியாவது இங்கிருந்து தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். முதுகுக்கடியில் கை கொடுத்துப் புரட்டினாள்.

வரவில்லை.

குனிந்து பார்த்தாள். கொடியின் கணுக்களிலிருந்து நீண்ட வேர்கள் கட்டுத் துணிக்குள் நுழைந்து, இடுப்புப் புண்ணுக்குள் போயிருந்தன. ரத்தம் இல்லை, சீழ் இல்லை. வேரைச் சுற்றிப் புதுத் தோல் இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. இவ்வளவு சுத்தமாக ஆறிய புண்ணை அவள் வார்டில்கூடப் பார்த்ததில்லை.

கத்தரிக்கோலை எடுத்து வேரில் வைத்து அழுத்தினாள்.

அண்ணனின் மூச்சு நின்றது.

கையை எடுத்தாள். மூச்சு வந்தது.

மறுபடி அழுத்தினாள். மறுபடி நின்றது.

யாரைக் கூப்பிடுவது? யார் வந்தாலும் முதலில் வேரைத்தானே வெட்டுவார்கள்?

“வெட்டினா நீ போயிடுவே அண்ணா. விட்டா இது உன்னைத் தின்னுடும். நான் என்ன பண்ணட்டும்? வெட்டட்டுமா?”

அண்ணன் அவளையே பார்த்தான். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

ஒரு தடவை இமைத்தான்.

“என்னால முடியாது,” என்று கத்திவிட்டாள். கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் கைமேல் முகத்தை வைத்து அழுதாள். இருதலைக்கொள்ளி எறும்பாக எவ்வளவு நேரம் அழுதாளோ, அப்படியே அசந்துவிட்டாள்.

விழித்தபோது ஜன்னலில் மத்தியான வெயில். இலைகளெல்லாம் துடைத்துவிட்டது போலப் பளபளத்தன. ஈரத் துணி ஒன்று பிழிந்து கம்பியில் காயப் போடப்பட்டிருந்தது. தரையில் கத்தரிக்கோலைக் காணவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தாள். வலது கை வரவில்லை.

மணிக்கட்டு கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. நீலக் கட்டம். சுண்டு விரல் நுழையும் இடம் விட்டு, தளர்வாக. அந்த இடைவெளியில் வெள்ளையாக ஏதோ ஒன்று ஈரமாக நுழைந்திருந்தது.

இடது கையால் முடிச்சைப் பிடித்து இழுத்தாள்.

அவள் மூச்சு நின்றது.

விட்டாள். வந்தது.

“அண்ணா,” என்று முனகினாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி இரண்டு தடவை இமைத்தான். மறுபடி இரண்டு தடவை. மறுபடியும்.