உப்பு ஊற்று

ஓஹியோ ஆற்று மேட்டில் மாட்டு வண்டி நின்றபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஜெத்ரோ பைல் உடனே இறங்கவில்லை. இடுப்பு விடவில்லை. இனி போக வேறு இடமும் இல்லை. கையிலிருந்ததையெல்லாம் இந்த நிலத்தை நம்பிச் செலவழித்தாயிற்று.

பாழடைந்த கோட்டையையும் அதை ஒட்டிய மரக்குடிசையையும் பார்த்து அவர் பெண்சாதி தபிதா சிரித்தாள்.

"இதுதான் நீரு சொன்ன சீமையா? இங்க குடியேற நரிகூட ஒரு தரம் யோசிக்கும்யா."

"ஊத்து இருக்கு. பீப்பாய் நிறைய பன்னிக்கறி இருக்கு. குளிரைத் தாண்டிரலாம். போய்த் தண்ணி கொண்டா."

கோட்டை அவருக்குப் புதிதல்ல. முன்பு இங்கிருந்த பட்டாளத்துக்குச் சாமான் தரும் காண்டிராக்டரிடம் பொதிக்குதிரை ஓட்டியவர். மலையேறும்போது பாரம் குறைய, பீப்பாயில் கறி கெடாமல் ஊறிய உப்புநீரை வழியிலேயே வடித்துவிடுவார்கள். எல்லாக் குதிரைக்காரனும் செய்ததுதான். கறி கெட்டால் தின்கிறவன் பாடு. தின்ற சிப்பாய்கள் ஒரு குளிர்காலத்தில் இந்தக் கோட்டையிலேயே வயிறு போய்ச் செத்தார்கள். சர்க்கார் அவர்களுக்குத் தந்திருந்த நிலப்பத்திரங்களை, சாகக் கிடக்கும்போதே ஆளுக்கொரு குவளை விஸ்கிக்கு வாங்கிக்கொண்டார். அந்த நிலம்தான் இது.

அடுப்பு மூட்டும்போது கோட்டைக்குள்ளிருந்து முரசு கேட்டது.

மெதுவாக, நனைந்த தோலில் அடிப்பதுபோல. கறி பங்கிடக் கூப்பிடும் முரசு.

கோட்டைக்குக் கூரையே கிடையாது. ஆள் தங்க வழியில்லை.

கதவுக்கு வெளியே கால்கள் இழுபட்டன. ஒன்றன்பின் ஒன்றாக. பசித்துச் சலித்தவர்களின் நடை.

தபிதா வாளியோடு உள்ளே வந்தாள்.

"யாரு நிக்கிறா வெளிய?"

"யாருமில்ல. சத்தம் மட்டும் கேக்குது. ஏய்யா, ஊத்துத் தண்ணி கறி ஊறின உப்பா கரிக்குது."

அவர் பீப்பாயைத் திறந்தார். உப்புநீர் ததும்பத் தன் கையால் மூடியது. இப்போது ஒரு சொட்டு இல்லை. கறி பச்சை பூத்திருந்தது.

"கிளம்பிரலாம்யா."

"எங்க போறது?"

வெளியே யாரோ கிசுகிசுத்தார்கள். "ஜெத்ரோ, பீப்பாய் வந்துருச்சா?"

பயப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. பீப்பாயை வாசலுக்கு உருட்டிவிட்டு, கதவைத் தாழிட்டு, அப்படியே சரிந்து படுத்தார்.

விடிந்தபோது தாழ் போட்டபடியே இருந்தது.

அடுப்பருகே இரண்டு மரக்கிண்ணங்கள். அவர்களுடையவை அல்ல. இரண்டிலும் பச்சை பூத்த கறி, சரியாகப் பங்கிட்டு.

வெளியே முரசு கேட்டது.