பதினோரு புனுகுப்பூனைகள்

காலை பதினோரு மணிக்கு ஜீப் அவளைக் காட்டுப் பங்களா வாசலில் இறக்கிவிட்டுப் போனது. வாசலில் பெரிய பலகை: 'இந்தக் காடு எங்கள் கம்பெனியின் பாதுகாப்பில் உள்ளது.' கம்பெனி என்றால் கல்குவாரி. அவள் அதில் சூழல் அதிகாரி. போன வருஷம் இந்தப் பக்கமே வராமல், ஆபீஸில் உட்கார்ந்தபடியே அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள்.

நல்ல தாகம். கூடத்து ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக் கடகடவென்று குடித்தாள். பாதி குடித்த பிறகுதான் வாடை ஏறியது. செத்த எலி வாடை. அதன் மேல் இனிப்பாக ஏதோ சென்ட் தெளித்த மாதிரி.

காவலாளி அதற்குள் காட்டில் கட்டியிருந்த ஆறு கேமராவின் மெமரி கார்டையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பகலிலும் இடுப்பில் டார்ச் செருகியிருப்பதால் எல்லாருக்கும் அவர் டார்ச் அண்ணன்தான்.

இந்தக் காட்டில் புனுகுப்பூனைகள் பெருகியிருப்பதாகக் காட்டினால், எதிர்ச்சரிவில் பாறை உடைக்க அனுமதி கிடைக்கும். இங்கே காப்பாற்றுகிறோம், அதனால் அங்கே தோண்டுகிறோம் என்பதுதான் ஏற்பாடு. எதிர்ச்சரிவு இங்கிருந்தே தெரிந்தது. வெயில் தரையில் படாத அளவுக்கு அடர்த்தி. சாயங்காலத்துக்குள் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

லேப்டாப்பில் படங்களைத் திறந்தாள். போன அறிக்கையில் பதினோரு புனுகுப்பூனை. இதிலும் நிறைய இருந்தன. ஓடைப்பக்கம் ஒன்று, பாறைப்பக்கம் ஒன்று, புதரடியில் ஒன்று.

எல்லாவற்றுக்கும் இடது காது கிழிந்திருந்தது.

கேமரா வெளிச்சம் பட்டால் உயிருள்ள மிருகத்தின் கண் மின்னும். இவற்றில் ஒன்றின் கண்கூட மின்னவில்லை. முதல் படங்களில் வயிற்றுக்குக் கீழே குச்சி முட்டுக்கொடுத்திருந்தது.

"அண்ணே, இது செத்ததுதானே?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஆமா மேடம். ரெண்டு வருஷம் முந்தி நம்ம லாரி ஏத்தினது. மேனேஜர்தான் ஃபிரிட்ஜ்ல வைடான்னாரு. வாரம் ஒரு கேமரா முன்னாடி நிறுத்தி எடுத்துட்டு, திரும்ப உள்ள வச்சிருவேன். முடி கொட்டுச்சு, பசை தடவி ஒட்டினேன்."

"எந்த ஃபிரிட்ஜ்?"

அவர் பாட்டிலைப் பார்த்தார்.

அவள் ஓடிப்போய் வாசலில் குமட்டினாள். தண்ணீர் மட்டும்தான் வந்தது. அதிலும் அதே வாடை.

"உண்மையிலேயே இங்க ஒண்ணுகூட இல்லையா?"

"ராத்திரி பூரா லாரி ஓடுது, ஃபோகஸ் லைட்டு எரியுது, சுத்தி வேலி. எப்படி மேடம் வரும்? பலகை வேணாம், கேமரா வேணாம். இருட்டினப்புறம் லாரிய நிறுத்தச் சொல்லுங்க. லைட்ட அணைச்சு, வேலிய ரெண்டு எடத்துல பிரிச்சு விடுங்க. அந்தச் சரிவுலேருந்து தானா வந்துரும். அங்க குட்டி போட்டுக்கிட்டுக் கெடக்கு."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அந்தச் செத்தது எங்க? எடுத்துக் காட்டுங்க."

"எங்க இருக்கு? ஆறு மாசம் முந்தியே தூக்கினா கையோட பிஞ்சு வந்துருச்சு. குழி தோண்டிப் பொதைச்சுட்டேன்."

அவள் திரையைப் பார்த்தாள். கடைசிப் படம் நேற்றைய தேதி.

"அப்ப இதையெல்லாம் யாரு நிறுத்தினது?"

அவர் குனிந்து பார்த்தார். முகம் சாம்பலானது.

புதைத்த பிறகும் வாரம் ஒரு படம். குச்சி இல்லை. தானாக நின்றது. ஒரு படத்தில் தோல் தொங்கியது. அடுத்ததில் விலா எலும்பு தெரிந்தது. ஒவ்வொரு படத்திலும் கேமராவுக்கு இன்னும் ஓரடி கிட்டே. நேற்றைய படத்தில் முகம் மட்டும்தான். கண் இருந்த குழியில் புழு மொய்த்திருந்தது.

"நான் இல்ல மேடம்," என்று அவர் கிசுகிசுத்தார். "என் புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்ல."

போன் அடித்தது. மேனேஜர்.

"என்னம்மா, எத்தனை போடலாம்?"

"சார், எல்லாமே ஒரே செத்த மிருகம்."

"செத்ததா இருந்தா என்ன, படத்துல நிக்குதுல்ல?" சிரித்தார். "உன் தங்கச்சி வேலை ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு. நாளைக்கு ஆர்டர் வேணுமா, வேணாமா?"

தங்கச்சி மூன்று வருஷமாக வேலை தேடி அலைகிறாள். நேற்றுதான் புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தாள்.

டார்ச் அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் 'பதினான்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

அவர் டார்ச்சை உருவி மேஜையில் வைத்தார். "வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க மேடம்." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஒரு மாதத்தில் எதிர்ச்சரிவு மொட்டையானது. கம்பெனி பாராட்டு விழா வைத்தது. பகல் வெளிச்சம், குளிரூட்டிய அரங்கம், பெரிய திரை. அவளுக்கு முதல் வரிசையில் இடம். மேனேஜர் மேடையில் நின்று படங்களை ஒவ்வொன்றாகப் போட்டார். கூட்டம் கை தட்டியது.

பிறகு அவர் சேர்க்காத ஒரு படம் வந்தது.

இதே அரங்கம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எடுத்தது. வரிசையாக நாற்காலிக் கால்கள், பளபளக்கும் ஷூக்கள். நடுவில், மிகக் கிட்டத்தில், ஒரு பெண்ணின் குதிகால். வார் அறுந்து தைத்த செருப்பு.

அவளுடையது.

"ஏதோ கோளாறு, மன்னிக்கணும்," என்றார் மேனேஜர். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து பார்க்கவும் இல்லை. நாற்காலிக்கு அடியில், பனிக்கட்டி மாதிரி குளிர்ந்த ஒரு சொரசொரப்பான நாக்கு, அவள் கணுக்காலை மெதுவாக நக்கத் தொடங்கியிருந்தது.