மைனஸ் இருபதில் ஒரு பிணம்

"ஐயய்யோ... ஓடி வாங்களேன்! யாராவது ஓடி வாங்களேன்!"

அலறல் மீன்பிடித் துறைமுகத்தின் கடைக்கோடியிலிருந்து வந்தது.

குளிர்பதனக் கிடங்கு! அரசாங்க மானியத்தில் கட்டியது. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, நெற்றியில் பளிங்குக் கல்வெட்டு. கல்வெட்டில் பெரிய மனிதர்களின் பெயர்கள் போக மிச்சமிருந்த இடத்தில் 'மீனவர் நலனுக்காக' என்று பொடி எழுத்தில் வெட்டியிருந்தார்கள்.

கதவைத் திறந்த மீன்காரி, கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டு வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

உள்ளே, காலி மீன்பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான். மண்டை பிளந்திருந்தது.

நாற்றமோ நாற்றம்! மீனோடு பிறந்து மீனோடு வளர்ந்தவர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து குதித்தபோது ஏட்டு முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"செத்தது யாருய்யா?"

"மானியம், மேடம்."

"பேரைக் கேட்டேன்."

"அதான் மேடம் பேரு. பெத்தவங்க வெச்ச பேரு அவரு பொண்டாட்டிக்கே மறந்திருக்கும். மூணு நாளா ஆளைக் காணோம்னு அந்தம்மாதான் நம்ம ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்காங்க."

இன்ஸ்பெக்டருக்கு உடனே புரிந்தது. அந்தக் கடற்கரையில் அந்த ஆளைத் தெரியாதவர் கிடையாது. படகுக்கு மானியம், வலைக்கு மானியம், டீசலுக்கு மானியம், ஐஸ் பெட்டிக்கு மானியம்... அரசாங்கம் மீனவனுக்கு நீட்டுகிற எதுவும் முதலில் அவன் கையில் விழும். பிறகு அவன் மனசு வைத்தால் மீனவன் கையில் விழும். அவன் மனசு வைத்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை!

அவள் கர்ச்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

எதிர்ச் சுவரில் ஒரு கருவிப் பலகை. அதில் சிவப்பு எண்கள் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன.

மைனஸ் 20!

"ஏட்டு... இது என்ன கூத்து?"

"எங்க மேடம்?"

"இங்க பாருங்க. மைனஸ் இருபதாம். எனக்கு வேர்த்து ஊத்துது!"

ஏட்டு எட்டிப் பார்த்தார். "கரெக்ட்தான் மேடம். நம்பருக்கு மட்டும் குளிருது."

இன்ஸ்பெக்டர் கையுறை மாட்டிக்கொண்டு பலகையின் குமிழை எதிர்ப்பக்கம் திருப்பினாள். எண் ஏறியது. மறுபடி இந்தப் பக்கம் திருப்பினாள். முப்பது... இருபது... பத்து... பூஜ்யம்... மைனஸ் இருபது! எங்கோ ஒரு விசிறி 'ர்ர்ர்' என்றது. காற்று மட்டும் எங்கிருந்தும் வரவில்லை.

பலகையைச் சுற்றிப் புது டி.வி.யில் வருவதுபோல ஒரு பிளாஸ்டிக் உறை. தொழிற்சாலையில் ஒட்டி அனுப்பியது. குமிழ் இருந்த இடத்தில் மட்டும் அது கிழிந்திருந்தது. கிழித்த துண்டு கீழே கிடந்தது. சுற்றிலும் தூசி. துண்டின் மேல் தூசியே இல்லை.

அவள் அதைக் குனிந்து எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டாள்.

செல்போன் அலறியது. மேலதிகாரி!

"என்னம்மா அங்க கலாட்டா? இன்னிக்கு விருதுக் குழு வருதுன்னு தெரியுமில்ல?"

"என்ன விருது சார்?"

"சிறந்த குளிர்பதனக் கிடங்கு விருது!"

"சார்... அந்தக் கிடங்குக்குள்ளதான் சார் பிணம்."

"அதனால என்ன? விருதை ஏலக்கூடத்துலதானே குடுக்கறாங்க. கிடங்கை யாரு பார்க்கப் போறா?"

இன்ஸ்பெக்டர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

"வாட்ச்மேன் இருக்கானில்ல? செத்தவன் போன வாரம் அவனை எல்லார் முன்னாடியும் கன்னத்துல அறைஞ்சிருக்கான். காரணம் ரெடி. ஆளும் ரெடி. விழா முடியறதுக்குள்ள அவனை கோர்ட்டுக்கு அனுப்பி கேஸை முடிச்சுடுங்க. குழு நிம்மதியா கிளம்பணும்."

டொக்! வைத்துவிட்டார்.

வாசலில் மீன்காரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஏட்டு அதற்குள் பிடித்துவந்து ஜீப்பின் பின்சீட்டில் விலங்கோடு உட்கார வைத்திருந்த வாட்ச்மேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... அவரு என் வீட்டுக்காரரும்மா."

இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டாள்.

"நான்தான் கத்தினேன். நான் கத்தாம கதவைச் சாத்திட்டுப் போயிருந்தா அவரு இந்நேரம் வீட்ல சாப்பிட்டுட்டு இருந்திருப்பாரு. நானே என் புருஷனைக் காட்டிக் குடுத்துட்டேனேம்மா!"

இன்ஸ்பெக்டர் நேராக ஜீப்புக்குப் போனாள்.

"யோவ்! மூணு நாளா என்னய்யா பண்ணிட்டு இருந்த?"

"புயல் எச்சரிக்கைங்க. படகு எதுவும் போகல. துறைமுகமே காலி. நான் கேட்டுகிட்ட இருந்தேன்... மத்தியானம் படகு நிழல்ல படுத்துத் தூங்கிட்டேங்க. பொய் சொல்லல."

"டாக்டர் பார்த்துட்டாரு. பிணம் கல்லு மாதிரி விறைச்சு ஐஸா இருக்காம். எப்ப செத்தான்னே சொல்ல முடியலையாம்."

வாட்ச்மேன் அழுதுகொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அந்த நிலைமையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த ரூம்லயா? ஐஸா? ஏம்மா... என் பொண்டாட்டி ஈரக் கூடையைக் காய வைக்கறதே அங்கதானே!"

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைச் சாத்தினாள்.

"ஏட்டு, அடுத்த ஆள்?"

"செத்தவரோட மச்சான், மேடம். பொண்டாட்டியோட தம்பி. கிடங்கைக் கட்டினதுல கூட்டாளி. மாமன் போனா மொத்தமும் மச்சானுக்குத்தான்."

மச்சான் துறைமுக அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். கறுப்புக் கண்ணாடி. கண்ணீர் வருகிறதா என்று தெரியாமலிருக்க நல்ல ஏற்பாடு!

"உங்க மாமா உடம்பு ஐஸா விறைச்சிருக்கு. இளகறதுக்கே ரெண்டு நாள் ஆகும்னு டாக்டர் சொல்றாரு."

மச்சானின் தேம்பல் சட்டென்று நின்றது.

"சான்ஸே இல்ல மேடம்!"

"ஏன்?"

"அது... வந்து..."

"சொல்லுங்க. கொலைக்கேஸா, மெஷின் கேஸா... எதுல மாட்டணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

மச்சான் கண்ணாடியைக் கழற்றினான். "மெஷினே இல்ல மேடம்! உள்ள ஒரு விசிறி, சுவத்துல ஒரு பொம்மை போர்டு. யாராவது சோதனைக்கு வந்தா திருப்பிக் காட்டறதுக்குன்னு மாமா ஸ்பெஷலா செய்யச் சொன்னாரு. ஆனா பாருங்க... கடைசி வரைக்கும் ஒருத்தரும் வரல. வேஸ்ட்!"

சொல்லும்போது அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. மாமா செத்ததற்கு வராத வருத்தம்!

ஏலக்கூடத்தில் விழா களைகட்டியிருந்தது. மீன் கொட்டும் சிமெண்ட் தரையைக் கழுவி, மேலே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். விருதுக் குழு நான்கு நாற்காலிகளில் வழிந்து உட்கார்ந்திருந்தது. மீனவர்களுக்கான விழாவில் மீனவர்களை மட்டும் கயிறு கட்டி வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

காரிலிருந்து துறை அதிகாரி இறங்கினார். மீன்வளத்துக்கு இருபது வருஷமாக அதிகாரி. மீன் வாடை ஆகாது! அத்தர் தெளித்த கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே நடந்து வந்தார்.

இன்ஸ்பெக்டர் வழிமறித்தாள்.

"சார், ஒரு நிமிஷம். விஷயம் கேள்விப்பட்டிருப்பீங்க."

"பட்டேன், பட்டேன். ரொம்ப துக்கமான விஷயம். வாட்ச்மேனைப் பிடிச்சுட்டீங்களாமே? வெரிகுட்!"

"ஒரு சிக்கல் சார். பிணம் கல்லு மாதிரி விறைச்சு ஐஸா இருக்கு. எப்ப செத்தாருன்னு டாக்டரால சொல்ல முடியல."

அதிகாரியின் முகத்தில் நிம்மதி பரவியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பின்னே? மைனஸ் இருபதுன்னா சும்மாவா? அரசாங்க மானியத்துல வாங்கின மெஷின்மா அது!"

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தாள்.

வாட்ச்மேன் சிரித்தான். மச்சான் பதறினான். இவர் ஒருவர்தான் நம்பினார்!

"சார், மெஷினை நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"என்ன கேள்வி இது? சோதனை பண்ணி, சான்று குடுத்ததே நான்தானே! உள்ள நின்னு பல்லு கிட்டிப் போச்சு எனக்கு!"

"குமிழைத் திருப்பினீங்களா?"

"திருப்பாம? இந்தக் கையாலதான் திருப்பினேன்!"

விருதுக் குழு திரும்பிப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் கவரை எடுத்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"இது அந்தக் குமிழ் மேல இருந்த பிளாஸ்டிக் உறை சார். புதுசா கிழிச்சிருக்கு. சான்றுல இருக்கற தேதிப்படி நீங்க சோதனை பண்ணினது போன வருஷம். அன்னிக்கு உறையைக் கிழிக்காம குமிழை எப்படித் திருப்பினீங்க?"

கைக்குட்டை மூக்கிலிருந்து நழுவியது.

"அப்படின்னா..."

"அப்படின்னா நீங்க அங்க போன வருஷம் போகவே இல்ல. மூணு நாளைக்கு முன்னாடிதான் முதல் தடவையா போயிருக்கீங்க. உள்ள சூடா இருந்துச்சு. ஓடாம கிடக்கு போலன்னு நினைச்சு குமிழைத் திருப்பினீங்க. நம்பர் இறங்குச்சு. நம்பினீங்க! பிணம் கெடாது, கடல் திறந்ததும் படகுல ஏத்தி நடுக்கடல்ல தள்ளிக்கலாம்னு நிம்மதியா கதவைச் சாத்திட்டு வந்துட்டீங்க. ஐஸா இருக்குன்னு நான் சொன்னது சும்மா, பிணம் அழுகி நாறுது. இந்தத் துறைமுகத்துல சின்னக் குழந்தை கூட அந்த ரூமை நம்பாது சார். குமிழ்ல ஒரே ஒரு கட்டைவிரல் ரேகைதான் இருக்கு. யாரோடதுன்னு சாயங்காலம் தெரிஞ்சுடும்!"

அதிகாரி கம்பளத்தின் விளிம்பில் தடுக்கிச் சிவப்பு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டரைக் கிட்டே வரச்சொல்லிக் கையாட்டினார்.

"மேடம்... மெதுவா பேசுங்க. ஒத்துக்கறேன். நான்தான் பண்ணேன்."

"எதை?"

"கொலையைத்தான்! அடுத்த கிடங்குக்கும் பார்க்காமலே கையெழுத்து கேட்டான். மாட்டேன்னேன். முதல் கையெழுத்தையே நீ வீட்ல உட்கார்ந்துகிட்டு போட்டதுதானே, விருதுக் குழுகிட்ட சொல்லவான்னு கேட்டான். பக்கத்துல இரும்புக் கம்பி கிடந்துச்சு... கோபத்துல அடிச்சுட்டேன். மீன் வண்டியில வெச்சு நானே உள்ள தள்ளினேன்."

"ஏட்டு, எழுதிக்கங்க."

"எழுதிக்கட்டும் மேடம். எங்க வேணும்னாலும் கையெழுத்து போடறேன். ஆனா ஒரே ஒரு உதவி..." அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இரண்டு கையையும் கூப்பினார். "அந்த உறை விஷயத்தை மட்டும் எழுதாதீங்க! மெஷின் நல்லா ஓடிட்டு இருந்துச்சு, கரண்ட் போனதால பிணம் கெட்டுப் போச்சுன்னு எழுதுங்க!"

இன்ஸ்பெக்டருக்கு ஒரு கணம் காது கேட்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"யோவ்... நீ ஒரு ஆளைக் கொன்னிருக்க!"

"கொலைன்னா என்னோட போயிடும் மேடம்! நான் ஒருத்தன் உள்ள போனா முடிஞ்சுது. பார்க்காம கையெழுத்து போட்டேன்னு தெரிஞ்சா... இந்தக் கடற்கரையில நான் கையெழுத்து போட்ட கிடங்கு எல்லாத்தையும் திறந்து பார்ப்பாங்களே!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள். இத்தனை நேரம் பூதாகாரமாக உட்கார்ந்திருந்த விருதுக் குழு நாற்காலிக்குள் சுருங்கியிருந்தது. குழுத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"மேடம், அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு..."

"என்ன நியாயம்?"

"இல்ல... நாங்களும் எல்லாத்தையும் நேர்ல பார்த்துதான் விருதுக்குத் தேர்ந்தெடுத்தோம்னு எழுதிட்டோம்."

"பார்த்தீங்களா?"

"எழுதிட்டோம்," என்றார் தலைவர் மறுபடியும்.

இன்ஸ்பெக்டருக்கு வந்த கோபத்தில் சிரிப்புத்தான் வந்தது. "ஏட்டு, உறை, குமிழ், போர்டு... ஒண்ணு விடாம எழுதுங்க. அப்புறம் ஒரு பெரிய வேன் சொல்லுங்க. மச்சானையும் மறக்காதீங்க. எல்லாக் கிடங்கையும் இன்னிக்கே திறந்து பார்க்கறோம். சாரும் வரட்டும். ஒரு தடவையாவது நேர்ல பார்த்த மாதிரி இருக்கும்."

அதிகாரி முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். பிணத்தைத் தள்ளிவிட்டு வந்த அன்றுகூட அவர் அழுதிருக்க மாட்டார்!

வாட்ச்மேனின் விலங்கைக் கழற்றினார்கள். அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கயிற்றைத் தாண்டி வந்தான். மீன்காரி ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு, பாழாய்ப் போன மனுஷா, வேலை நேரத்தில் தூங்குவாயா என்று அதே சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

இன்ஸ்பெக்டரின் செல்போன் மறுபடி அலறியது. மேலதிகாரி. அவள் அதை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேடையில் குழுத் தலைவர் பளபளவென்ற கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். கீழே வைக்கவும் மனசில்லை. மேலே தூக்கவும் தைரியமில்லை!

"இப்ப இதை நான் யாருக்குத்தான் குடுக்கறது?"

ஏட்டு முகத்தில் சுற்றியிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"மானியத்துக்கே குடுத்துடுங்க சார். கட்டினவரும் அவருதான்... குளிர வைக்கணும்னு உள்ள வெச்ச முதல் சரக்கும் அவருதான்!"