தளராத கம்பிகள்

மூன்றாம் நாளும் கம்பிகள் தளரவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

கணவனை விட்டு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆய்வகத்தில் நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு, இந்தச் சின்ன வீட்டின் பேச்சற்ற மாலைகளுக்குத் திரும்பி வருவதைத் தாங்க முடியாமல், தனக்கென்று அவள் வாங்கிய முதல் பொருள் அந்த யுகுலேலே, நாலு கம்பி போட்ட குட்டிக் கிதார்.

கடைக்காரர் சிடுமூஞ்சி. "இப்பத்தான் கத்துக்கப் போறேன், விலை கம்மியா ஒண்ணு காட்டுங்க" என்றதும் மூன்றை எடுத்து மேஜைமேல் போட்டார். பளபளவென்று சாயம் பூசிய முதலாவதில் கம்பிகள் மேலே எழும்பி நின்றன. அழுத்தினால் விரல்நுனி வலித்தது. இரண்டாவதில் திருகுகள் லொடலொடத்தன. மூன்றாவது வெறும் பழுப்பு. கம்பிகள் தாழ்வாக, விரலுக்கு இதமாக இருந்தன. விலையும் மூன்றிலும் குறைவு.

"இது மட்டும் ஏங்க இவ்வளவு மலிவு?"

"வாங்கினவங்க திருப்பிக் கொடுத்துட்டாங்க. கம்பி மட்டும் புதுசா போட்டிருக்கேன். நைலான், பத்து நாளைக்கு இழுபட்டுக்கிட்டே இருக்கும். தினம் சுருதி சேர்க்கணும். அப்புறம் வந்து குறை சொல்லாதீங்க. மறுபடி எடுத்துக்க மாட்டேன்."

ஆனால் இழுபடவே இல்லை. தினமும் மாலையில் வந்து தட்டிப் பார்த்தால், கைபேசித் திரையில் சுருதி முள் நாலு கம்பிக்கும் மயிரிழை பிசகாமல் நடுவில் நின்றது. மூன்றாம் நாள் அதன் கழுத்தைப் பிடித்தபோது பிசுபிசுத்தது. யாரோ வெகுநேரம் வியர்த்த கையால் பிடித்திருந்தது போல ஒரு புளித்த வாடை.

கடைக்குப் போன் செய்தாள்.

"சுருதி இறங்கவே மாட்டேங்குதுங்க."

"புதுக் கம்பி இறங்காம இருக்காதும்மா. வீட்டுல யாராவது திருகுறாங்களா பாருங்க."

"வீட்டுல நான் ஒருத்திதான்."



"திருப்பிக் கொடுத்தவங்களும் அப்படித்தான் சொன்னாங்க" என்றவர் பட்டென்று வைத்துவிட்டார்.

கணவன்தான். சந்தேகமே இல்லை. பயமுறுத்தியே அவளைத் திரும்ப இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறான். எப்படியோ சாவி செய்திருக்கிறான். மறுநாள் ஆளைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றினாள். இரண்டு சாவிகளையும் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, முன்கதவை உள்ளே தாழிட்டாள். ஜன்னல்களைச் சாத்தினாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியையும் திறந்து பார்த்தாள். பிறகு நாலு திருகுகளையும் எதிர்ப்பக்கம் சுற்றி, கம்பிகள் செத்த புழுக்களாய்த் தொங்கும்வரை தளர்த்திப் படுக்கைமேல் போட்டாள். அறைக்கதவை மூடிவிட்டுச் சமையலறைக்கு வந்து நின்றாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மாடிவீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அடுப்பில் வைத்த தண்ணீர் மெல்ல முனகத் தொடங்கியது. அந்த முனகலுக்கு அடியில், மிகச் சன்னமாக, வேறொரு சத்தம்.

கறக்.

அடுப்பை அணைத்தாள்.

கறக். கறக். பிறகு ஒரு கம்பி மீட்டப்பட்டது. தொய்ந்த, கட்டையான ஒலி. மறுபடி கறக். ஒலி கொஞ்சம் ஏறியது. அவசரமே இல்லாத கை. முதல் கம்பி சேர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது.

கத்தியை எடுத்தாள். ஆத்திரம் அவளைத் தள்ளியது. இத்தனை வருஷம் பயந்தது போதும்.

"எப்படிடா உள்ள வந்தே? வெளிய வாடா!"

கதவை உதைத்துத் திறந்தாள்.

அறையில் யாரும் இல்லை.

யுகுலேலே படுக்கைமேல் கிடந்தது. மூன்று கம்பிகள் விறைப்பாக. நான்காவது திருகில் கம்பியே இல்லை.

ஆனாலும் அந்தத் திருகு சுற்றியது.

கறக்.

சில்லென்று மெல்லிய ஏதோ தொண்டையைச் சுற்றி வளைத்தது. கத்தி விழுந்தது. இரண்டு கைகளாலும் பிறாண்டினாள். நகம் நுழையக்கூட இடம் இல்லை.

கறக்.

அலறினாள். வாயிலிருந்து வந்தது அலறல் அல்ல. கட்டையாக ஒரே ஒரு சுரம்.

திருகு நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பது போல ஒரு நொடி.

பிறகு மறுபடி சுற்றத் தொடங்கியது. சுரம் கொஞ்சம் ஏறியது.