கூட்ஸ் பெட்டியில் சிவப்பு ஒயர்

மழை விட்ட கையோடு தம்பிக்காரன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். தோளில் வேலைப் பை. வீடு வீடாகப் போய் ஃபேன் மாட்டி, ஃபியூஸ் போட்டுப் பிழைக்கிற எலக்ட்ரீஷியன் அவன். அந்தப் பை இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கு அது வழக்கத்தைவிடக் கனத்தது.

அக்காள் கதவைத் திறந்தாள். ரொம்பவும் இளைத்திருந்தாள்.

"வாடா. போன் பண்ணினாத்தான் வருவியா? அக்கான்னு ஒருத்தி இருக்கிற நினைப்பே இல்லையா?"

"வேலைக்கா."

"ஆமாமா, ஊர்ல இருக்கிற பல்பெல்லாம் உன்னை நம்பித்தானே எரியுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனுக்குத்தான் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. அத்தான் இறந்ததிலிருந்து இந்தப் பக்கம் வருவதையே ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். இன்று அது நடக்கவில்லை. தோட்டத்து ரயிலை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட அக்காள் முடிவு செய்திருந்தாள். நாளைக் காலையில் பார்க்க வருகிறார்கள். அதற்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.

அத்தான் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்ப, இவர் பின்னறையில் உட்கார்ந்து ஈறும் பல்லுமாக வார்த்துக் கொடுப்பார். மிச்சப் பொழுதெல்லாம் ரயில்தான். கொல்லையைச் சுற்றித் தண்டவாளம். கடைக்கோடியில் ஆள் உயரத்துக்கு மண்ணும் கல்லும் குவித்து ஒரு குன்று. அதைக் குடைந்து சுரங்கம். குன்றிலிருந்து இறங்கிப் பாலத்துக்கு அடியில் ஓட ஒரு ஆறு, அந்த ஆற்றுக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு குட்டி மோட்டார். ஸ்டேஷனில் காத்திருக்கும் பொம்மைப் பயணிகளையும் பல் செட்டுக்கான ரோஸ் நிற மாவிலேயே செய்துவிட்டார். அதனால் அந்த ஊர் ஜனம் மொத்தமும் ஈறு நிறம். கேட்டால், "ரயில் லேட்டா வந்தா யாருக்குத்தான் முகம் சிவக்காது?" என்பார்.

அந்த மாவைக் கரைக்க ஒரு மருந்து உண்டு. இனிப்பும் காரமும் கலந்த அதன் நெடி அவர் சட்டையில், தலைமுடியில், அவர் தொட்ட டீ கிளாஸில்கூட இருக்கும். வீட்டுக்குள் நுழையும்போதே தம்பிக்காரன் அதை மூக்கால் தேடினான். இல்லை. போன உயிர் திரும்பியது.

கொல்லைக் கதவை ஒட்டிய கொட்டகையில்தான் ரயிலை ஓட்டும் கன்ட்ரோல் பெட்டி இருந்தது. அதற்கு மேலே, சுவரில் ட்ரிப்பர். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் பட்டென்று விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடுகிற சுவிட்ச். தண்டவாளத்தில் ஓடுவது கைக்குழந்தை தொட்டாலும் ஒன்றும் செய்யாத சின்னக் கரண்ட். மோட்டாருக்குப் போவதோ வீட்டுக் கரண்ட். அந்த ஒயரைக் குன்றுக்குப் பின்னால் ஒட்டுப்போட்டு வெறும் டேப்பைச் சுற்றியவன் இவன்தான். மழை பெய்யும்போதெல்லாம் அந்த ஒட்டில் தண்ணீர் இறங்கும், ட்ரிப்பர் விழும், ரயில் நிற்கும்.

"உன் சுவிட்சு சரியான தொட்டாற்சுருங்கிடா," என்று அத்தான் ஒருநாள் அலுத்துக்கொண்டார். "ஏதாவது பண்ணேன்."

ஒட்டைப் பிரித்துச் சரியாகப் போட்டிருந்தால் கொஞ்ச நேரத்து வேலை. சேற்றில் மண்டியிடச் சோம்பல். ஒரு சிவப்பு ஒயர்த் துண்டை வெட்டி, ட்ரிப்பருக்குக் குறுக்கே டைரக்ட் கொடுத்துவிட்டான். இனி கரண்ட் கசிந்தாலும் அது விழாது. அடுத்த தடவை வரும்போது சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தான். கை வேலை பார்க்கிறவன் மனதில் வரவே கூடாத நினைப்பு அது.

"என்னடா ட்ரிப்பரையே முறைச்சுப் பார்த்துட்டு நிக்கிற?" அக்காள் பின்னால் வந்து நின்றாள்.

"கெட்டுப் போயிருக்கான்னு பார்த்தேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "அன்னிக்கு அவரு நெஞ்சுக்குப் போடுற மாத்திரையை எடுத்துக் குடுக்க மறந்துட்டேன்டா. சமையல்கட்டுல வந்து தொணதொணன்னு பேசிட்டிருந்தாரு. போய் ரயில் விளையாடுங்கன்னு துரத்திவிட்டேன். நானே துரத்திவிட்டேன். சாப்பிட உக்காந்தா தொண்டையில இறங்க மாட்டேங்குது."

"அதெல்லாம் இல்லக்கா."

"பின்ன? ஹார்ட்டுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

டாக்டர் அப்படித்தான் சொன்னார். ஏற்கெனவே நெஞ்சுவலிக்காரர் என்பதால் யாரும் வேறு எதையும் கேட்கவில்லை. கூட்டம் கூடிய களேபரத்தில் தம்பிக்காரன் கொட்டகைக்குள் ஓடி, அந்தச் சிவப்பு ஒயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டதையும் யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அதைச் சாக்கடையில் எறிந்தான். அவன் வாயைத் திறந்தால் அக்காளின் பாரம் இறங்கிவிடும். அது அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் திறக்கவில்லை. அவன் எப்பேர்ப்பட்ட கோழை என்பதை அவனே நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் குன்றுக்குப் பின்னால் போனான். அந்த ஒட்டையும் வெட்டி எடுத்துவிட்டால் ஒரு தடயமும் இருக்காது. நாளைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் நல்லது என்று தன் மனதுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டான். ஈர மண்ணில் மண்டியிட்டான். இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பொழுது மங்கிக்கொண்டு வந்தது.

கட்டிங் பிளேயரால் ஒட்டை வெட்டிய அந்த நொடியில் சொட்டுச் சத்தம் நின்றது.

பல் மருந்தின் நெடி.

பக்கத்தில் ஒருவர் குனிந்து பார்ப்பதுபோல, அவ்வளவு கிட்டத்தில்.

அவன் பையை வாரிக்கொண்டு கொட்டகைக்கு ஓடி வந்தான். அக்காள் இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரே ஒரு திறந்த கூட்ஸ் பெட்டி. "என்னடா மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்லக்கா. சீக்கிரம் ஓட்டிப் பார்த்துட்டு முடிச்சிடலாம்."

"நான் பின்னால போய் லைன் பாக்குறேன்."

ஓட்டுவதற்கு அத்தான் ஒரு முறை வைத்திருந்தார். கொட்டகையிலிருந்து பார்த்தால் குன்றின் மறுபக்கம் தெரியாது. அதனால் ஒருவர் பின்னால் போக வேண்டும். பழைய டூத் பிரஷால் தண்டவாளத்தைத் துடைத்து, நத்தை, ஈர இலை எல்லாம் எடுத்துப் போட வேண்டும். இங்கிருப்பவர் "லைன் கிளியரா?" என்று கேட்பார். அங்கிருந்து "லைன் கிளியர்!" என்று குரல் வர வேண்டும். வராமல் ரயிலைக் கிளப்பும் திருகைத் தொடக் கூடாது. விளையாட்டு ரயிலுக்கு எதற்கு இவ்வளவு சட்டம் என்று அக்காள் சிரிப்பாள். அத்தான் சிரிக்க மாட்டார்.

அத்தான் இறந்த அன்றைக்குத் தம்பிக்காரன் கேட்டான். குரல் வரவில்லை. மறுபடி கேட்டான். அத்தான் வேண்டுமென்றே சீண்டுகிறார் என்று நினைத்துத் திருகைத் திருப்பினான். ரயில் சுரங்கத்தில் நுழைந்து வெளியே வந்தது, மறுபடி நுழைந்தது, மறுபடி வந்தது. அவன் டீ குடித்தபடி ரசித்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்ப் பார்த்தபோது அத்தான் அந்த ஆற்றுத் தண்ணீருக்குள் கைவிட்டபடி கவிழ்ந்து கிடந்தார்.

"லைன் கிளியர்!" அக்காளின் குரல் குன்றுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திருகினான். ரயில் மெதுவாக ஸ்டேஷனைத் தாண்டி, பாலத்தில் ஏறி, சுரங்கத்துக்குள் போனது. வெளியே வர வழக்கத்தைவிட நேரமானது. வந்தது. அவன் முன்னால் வந்து, அவன் திருகைத் தொடாமலே நின்றது.

கூட்ஸ் பெட்டியில் ஒரு சிவப்பு ஒயர்த் துண்டு கிடந்தது.

அவன் அதைத் தொடவே பயந்தான். ஒயரின் இரண்டு முனையிலும் செம்புக் கம்பிகள் மூன்று பிரியாகச் சடை பின்னியிருந்தன. சின்ன வயதில் அக்காளுக்குக் கை முறிந்தபோது அவளுக்குத் தினமும் சடை பின்னிவிட்டவன் இவன். அந்தப் பழக்கம் தொழிலிலும் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் கம்பியை முறுக்குவார்கள், இவன் பின்னுவான். "உன் ஒயருக்கு ரிப்பன்தான் பாக்கி," என்று அக்காள் கேலி செய்வாள்.

சாக்கடை நாற்றம் வீசிய அந்தத் துண்டை எடுத்து மதிலுக்கு அப்பால் வீசினான்.

"ஏன்டா நிறுத்திட்டே?"

"இதோ, ஓட்டுறேன்க்கா!"

மறுபடி ரயில் போனது. சுரங்கத்தின் கருத்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்தது.

பெட்டியில் சிவப்பு.

இந்த முறை கன்ட்ரோல் பெட்டியின் பிளக்கையே பிடுங்கினான். நெடி இப்போது கொட்டகைக்குள்ளேயே இருந்தது. இனி ஓடி ஒளிய இடமில்லை என்று அவனுக்குப் புரிந்தது. அக்காளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல இந்த ஜென்மத்தில் தைரியம் வராது. ஆனால் அவள் குன்றுக்குப் பின்னால் இருக்கிறாள். முகம் தெரியாது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை.

"அக்கா, அங்கேயே இரு. வராதே. நான் சொல்றதை மட்டும் கேளு."

பதில் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

"அத்தானுக்கு வந்தது ஹார்ட்டு இல்லக்கா. நீ மாத்திரை குடுக்காததுனால இல்ல. கரண்டு அடிச்சிருக்கு. ட்ரிப்பர் விழுந்திருந்தா பொழைச்சிருப்பாரு. நான்தான் அதை விழாம பண்ணி வெச்சேன். சோம்பேறித்தனம்க்கா. அப்புறம் கூப்பிட்டேன், அவரு குரல் குடுக்கல. எழுந்து போய்ப் பார்க்காம ரயிலை விட்டேன். எல்லாத்தையும் மறைச்சேன். நீ அழுதப்பகூடப் பார்த்துட்டே நின்னேன். என்னை மன்னிச்சிடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் கொஞ்சம் நகர்ந்ததுபோல இருந்தது.

குன்றுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

"அக்கா?"

சொட்டுச் சத்தம்கூட இல்லை.

"ஏதாவது சொல்லுக்கா."

அப்போது அந்தக் குரல் கேட்டது. மெதுவாக, அலுப்போடு, அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஆண் குரல்.

"எனக்குத் தெரியும்டா. அவகிட்ட சொல்லு."

அவன் எப்படிக் குன்றைச் சுற்றி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. பின்னால் யாரும் இல்லை. ஈர மண்ணில் அவன் மண்டியிட்ட தடம் இருந்தது. தண்டவாளத்தின் மேல் பழைய டூத் பிரஷ் கிடந்தது.

"டேய்!"

அவன் கொட்டகைப் பக்கம் திரும்பி ஓடி வந்தான். அக்காள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு டீ கிளாஸோடு வந்தாள். "நீ ரயிலை நிறுத்தினதும் சரி, ரிப்பேர் பார்ப்பேன்னு நினைச்சு, டீ போடலாம்னு அந்தப் பக்கத்துச் சந்து வழியா உள்ள போயிட்டேன். யார்கிட்டடா பேசிட்டிருந்தே? சத்தம் கேட்டுச்சு, ஒண்ணும் புரியல."

அவள் முகம் இப்போது நேருக்கு நேர் இருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்துப்போன, சாப்பாடு இறங்காத முகம். சற்றுமுன் மளமளவென்று வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட நாக்கில் இல்லை.

"யார்கிட்டயும் இல்லக்கா," என்றான்.

சொன்ன மறுகணம் தண்டவாளம் அதிர்ந்தது.

பிளக் பிடுங்கிய ரயில் கொட்டகையை விட்டுக் கிளம்பியது. ஸ்டேஷனைத் தாண்டி, பாலத்தில் ஏறி, சுரங்கத்தில் நுழைந்தது. இந்தப் பக்கம் வந்து, அக்காளின் கால் பக்கத்தில் அடங்கி நின்றது.

"அட, சரியாயிடுச்சே," என்று அவள் சந்தோஷமாகக் குனிந்தாள். கூட்ஸ் பெட்டியில் கை வைத்தாள். சிவப்பு ஒயர்த் துண்டை எடுத்து மங்கிய வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் அந்தச் சடையைத் தடவினாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது.

"இது நீ பின்னினதுதானே? இது எப்படிடா இங்க வந்துச்சு?"

அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

ஆளில்லாத குன்றுக்குப் பின்னால் டூத் பிரஷ் தண்டவாளத்தைத் தேய்க்கிற சத்தம் சரக், சரக்கென்று கேட்டது. பிறகு நின்றது.

"லைன் கிளியரா?" என்று அங்கிருந்து கேட்டார் அத்தான்.

அக்காளின் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவியது. அவளுக்கும் கேட்டிருந்தது. அவள் குன்றின் பக்கம் திரும்பவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.