மேடம் வந்துட்டுப் போனாங்க

கிடங்கு வாசலில் இருந்த காவலாளி விழித்துக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. அந்த ஆளுக்குக் கம்பெனி முழுக்க 'குறட்டை' என்றுதான் பெயர். பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும் நாற்காலியில் வாயைப் பிளந்துவிடுவான். லாரிக்காரன் இறங்கி வந்து உலுக்கினால்தான் கண் திறப்பான். இன்றைக்குத் தொப்பி நேராக இருந்தது, சட்டை உள்ளே விடப்பட்டிருந்தது, தூறலில் நனைந்துகொண்டே கேட்டுக்கு வெளியே வந்து நின்று சல்யூட் அடித்தான்.

காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டுச் சுவரோரமாக நடந்து வந்திருந்தாள் அவள். திடீர் செக்கிங் என்றால் அப்படித்தான் வருவாள். இந்தக் காவல் கம்பெனிக்கு மேனேஜராக அவள் வந்த நாளிலிருந்து, எந்த சைட்டுக்கு எப்போது போவாள் என்று டிரைவருக்குக்கூடத் தெரியக்கூடாதென்று டிரைவரையே வேண்டாம் என்றுவிட்டாள். சந்தேகப்படுவதற்குத்தானே சம்பளம்.

"நான் வர்றேன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம்."

"சொல்லாமலா முழிச்சிட்டு நிக்கிறே?"

அவன் திருதிருவென்று விழித்தான். "நீங்கதானே மேடம் எழுப்பிவிட்டுட்டுப் போனீங்க. இப்பத்தான். மறுபடியும் வருவீங்கன்னு நினைக்கல."

நல்ல கதை. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. எவனோ முன்கூட்டியே போன் செய்து எழுப்பிவிட்டிருக்கிறான். அதை மறைக்க இந்த ஆள் அவளையே சாட்சிக்கு இழுக்கிறான். எவனோ என்ன எவனோ, ஃபீல்டு ஆபீஸர்தான். அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி தனக்கு வரும் என்று பல வருடம் காத்துக் கிடந்த மனிதர். நேரில் பார்த்தால் குழைவார், முதுகுக்குப் பின்னால் குழி பறிப்பார். நாளைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டே காருக்குத் திரும்பினாள்.

ஏறியதும் வீட்டுக்குப் போன் செய்தாள். கணவர் கப்பலில் வேலை செய்கிறார், வீட்டு வேலைக்கு வரும் அக்கா இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். அதற்கப்புறம் இவள் வீடு போய்ச் சேரும்வரை மகள் தனியாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையை அப்படி விட்டுவிட்டு வருவது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வதுதான். ஆனால் வேலையை விட்டால் வீட்டுக் கடனை யார் கட்டுவது?

"சாப்பிட்டியா குட்டி?"

"சாப்பிட்டேன். எப்பம்மா வருவீங்க?"

"இன்னும் ஒரே ஒரு இடம்தான். பெல் அடிச்சா என்ன செய்யணும்?"

"ஸ்டூல் போட்டு ஏறி ஓட்டை வழியா பாக்கணும். அம்மா மூஞ்சி தெரிஞ்சாத்தான் திறக்கணும்." பிள்ளை சலித்துக்கொண்டாள். "எத்தனை வாட்டிம்மா கேப்பீங்க?"

பெண்கள் விடுதியின் காவல் அறை, ஒரு மேசையும் நாற்காலியும் கேமராத் திரையும் போட்டால் நிரம்பிவிடுகிற கூண்டு. மழை வலுத்திருந்தது. தகரக் கூரைமேல் அது கொட்டுகிற சத்தத்துக்கு அடியில் வாக்கி டாக்கி கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளியதும் ஈரத் துணி வாடையோடு இன்னொரு வாசனையும் வந்தது. பழகிய வாசனை. அவள் தன் கையை மோந்து பார்த்தாள். காலையில் பூசிக்கொண்ட கிரீம். அதே வாசனை, ஆனால் இங்கே இப்போதுதான் பூசியதுபோல அடர்த்தியாக இருந்தது.

"என்ன மேடம், எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே காவலாளி எழுந்தாள். நடுத்தர வயதுக்காரி, வெடுக்கென்று பேசுகிறவள், பொய் சொல்லத் தெரியாதவள் என்று பெயரெடுத்தவள்.

உள்ளே வந்தவள் எதிரே கிடந்த ஸ்டூலில் கையை வைத்தாள். கதகதவென்று இருந்தது.

"யாரு இதுல உக்காந்திருந்தது?"

"நல்லா கேட்டீங்க போங்க. நீங்கதான்." அந்தப் பெண் சிரித்தாள். "சும்மா சொல்லக்கூடாது மேடம், இன்னைக்குத்தான் நீங்க எங்கள மனுசங்களா மதிச்சு உக்காந்து பேசினீங்க. கால் வலி தேவலையான்னு கேட்டீங்க. எனக்குக் கால் வலின்னு உங்களுக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது."

அவளுக்கும் தெரியாது.

"வேற என்ன கேட்டேன்?"

"பிள்ளைங்களப் பத்தித்தான். ராத்திரி பயந்து அழுதா எப்படி சமாதானப்படுத்துவேன்னு கேட்டீங்க. எங்க தொட்டா சிரிக்கும், எங்க தொட்டா தூங்கும்னு." அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்ல வடிந்தது. "ஏன் மேடம், உடம்புக்கு முடியலையா?"

"கேமராவைப் பின்னாடி ஓட்டு."

திரையில் மழை கோடு கோடாக விழுந்தது. கேட்டைத் திறந்துகொண்டு ஒருத்தி வந்தாள். பார்த்துக்கொண்டிருந்தவள் போட்டிருந்த அதே சாம்பல் நிற மழைக்கோட்டு. அவளுடைய அதே நடை, இடது காலை லேசாக இழுத்து வைப்பது உட்பட. முகத்தைக் கவிழ்த்தே வைத்திருந்தாள். கூண்டுக்குள் போனாள், கொஞ்ச நேரம் இருந்தாள், வெளியே வந்தாள். கேட்டைத் தாண்டும்போது நின்று, தலையை நிமிர்த்தி, கேமராவையே பார்த்தாள். பிறகு பரிச்சயமானவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்தாள்.

அவள் முகம். கண்ணாடியில் காலையில் பார்த்த முகம்.

டம்மி, என்றது அவளுடைய தொழில் மூளை உடனே. டம்மி ஆள். காவலாளிகளைச் சோதிக்க அவள் கொண்டுவந்த ஏற்பாடு அது. கரண்ட் ஆபீஸ்காரர் மாதிரியோ முதலாளியின் மச்சான் மாதிரியோ யாரையாவது அனுப்புவாள். உள்ளே விட்டவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. விடாதவனுக்கு எல்லார் முன்னாலும் கைதட்டல். அந்தக் கத்தியையே எவனோ இப்போது அவள் பக்கம் திருப்பியிருக்கிறான். வேஷம் போட்டு, நடை பழக்கி. அவ்வளவுதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஃபீல்டு ஆபீஸரைக் கூப்பிட்டாள். "யாரை அனுப்பியிருக்கீங்க சார்? நேரடியா சொல்லிடுங்க."

"நான் யாரையும் அனுப்பலையே மேடம்." அவர் குரலில் நடிப்பு இருக்கிறதா என்று துழாவினாள். இல்லை, களைப்புத்தான் இருந்தது. "ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. எல்லாரையும் இப்படி சந்தேகப்பட்டா, எது நிஜம்னு ஒருத்தனுக்கும் தெரியாமப் போயிடும். கொஞ்சம் முன்னாடி நீங்க போன்ல பேசினப்ப எவ்வளவு நல்லா பேசினீங்க. ஏன் அதுக்குள்ள..."

"நான் உங்களுக்குப் போன் பண்ணல."

"பண்ணீங்களே மேடம். செக்கிங்லாம் முடிஞ்சுது, வீட்டுக்குக் கிளம்பிட்டேன், பிள்ளை தனியா இருக்குன்னீங்க."

சாவி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தாள். ஓடினாள்.

வழியெல்லாம் மகளின் எண்ணை அழுத்தினாள். அடித்தது, அடித்தது, நின்றது. சிக்னலில் எல்லா வண்டிகளும் அவளுக்கென்றே நின்றதுபோல் நின்றன. வைப்பர் இழுத்து இழுத்துத் துடைத்தும் கண்ணாடி தெளியவில்லை. காருக்குள்ளும் அந்தக் கிரீம் வாசனை. தன் கைதான், தன் கைதான் என்று சொல்லிக்கொண்டாள். பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

அடுக்குமாடி வாசலும் அவள் கம்பெனியின் காவலில்தான் இருந்தது. முன்பு நின்றவனை டம்மி ஆளை உள்ளே விட்டதற்காக அவளேதான் போன மாதம் வேலையைவிட்டு அனுப்பினாள். இப்போது நிற்பவன் புதியவன், கல்யாணமாகிக் கைக்குழந்தை உள்ளவன், வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பவன். கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே நின்றான்.

"திற."

அவன் திறக்கவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது.

"அப்படியே இருக்கீங்க," என்றான். "மேடம் சொன்னப்ப நம்பல. சத்தியமா அப்படியே இருக்கீங்க."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"பின்னாடி ஒருத்தி வருவா, என்னை மாதிரியே இருப்பா, அழுவா, கெஞ்சுவா, உள்ள விட்டா உன் வேலை போயிடும்னு சொல்லிட்டுத்தான் மேல போனாங்க."

"டேய், நான்தாண்டா. மேல என் பிள்ளை இருக்கு." அடையாள அட்டையைக் கம்பி வழியாக நீட்டினாள்.

"அட்டையை யார் வேணா அச்சடிக்கலாம். டிரெய்னிங்ல மேடம்தான் சொல்லிக் குடுத்தாங்க." அவன் கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் பேசினான். "நீங்க உங்க வேலையச் செய்றீங்கக்கா. நான் என் வேலையச் செய்றேன்."

கேட்டைப் பிடித்து உலுக்கினாள். பூட்டு அசையவில்லை. மீண்டும் போன். இந்த முறை எடுக்கப்பட்டது.

"குட்டி! அம்மாடா. கதவைத் திறக்காதே. யார் வந்தாலும்..."

மூச்சுச் சத்தம். பிறகு மகளின் குரல், விலகி, யாரிடமோ: "அம்மா, யாரோ உங்கள மாதிரியே பேசுறாங்க."

"குடு கண்ணு, நான் பேசிக்கிறேன்."

அவளுடைய குரல். ஆனால் அவளுக்கு இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வாய்க்காத பொறுமையோடு. போன் துண்டிக்கப்பட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். அவள் வீட்டு பால்கனியில் விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. சாம்பல் நிற மழைக்கோட்டைக் கழற்றாமலே ஒருத்தி வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை. இடுப்பில் தூக்கும் வயதைத் தாண்டிவிட்ட பிள்ளை, அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைத் தோளில் சாய்த்து, கண் செருகிக் கிடந்தது. எங்கே தொட்டால் தூங்கும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

கத்தினாள். மழை அதைத் தின்றது.

மேலே இருந்தவள் அவளைப் பார்க்கவே இல்லை. கேட்டில் நிற்பவனைப் பார்த்தாள். சபாஷ் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள்.

அவன் தொப்பியைச் சரி செய்துகொண்டான். கம்பிக்கு வெளியே கதறுகிறவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, பால்கனியை நோக்கி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். விளக்கு அணைந்த பிறகும் அவன் கையை இறக்கவில்லை.