ஒன்றுக்கு ஆயிரம்

எல்லாக் குழாய்களும் உறைந்திருந்தன. ஒன்றைத் தவிர.

ஏரம்பமூர்த்தி அதை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். நாலாவது தட்டு, பதினேழாவது குழி. சுண்டுவிரல் நீளப் பிளாஸ்டிக் குழாய். இரண்டு பக்கத்திலும் இருந்தவை வெளிர்மஞ்சளாக இறுகி, மேலே பனித்தூள் பூத்துக் கிடந்தன. இதில் பனி இல்லை. சரித்தபோது உள்ளே சீரம், இரத்தத்தில் இருந்து பிரித்த மஞ்சள் நீர், சரிந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டார். சட்டைப்பையில் வெகுநேரம் கிடந்த சாமானைப் போல இளஞ்சூடாக இருந்தது.

ஃபிரீசரின் முள் மைனஸ் இருபதில் நின்றது.

நகர மையத்துக்கு மின்சாரம் போய் அது பதினைந்தாம் நாள். நிலத்துக்கு அடியில் வரும் மின்வடங்கள் அந்தக் கோடையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்திருந்தன. ஆக்லாந்தின் நடுவில் தெரு விளக்கு இல்லை, லிஃப்ட் இல்லை, சனிக்கிழமைக் கூட்டம் இல்லை. நாலாம் மாடியில் இருந்த இந்தத் தனியார் ஆய்வுகூடத்தில் ஒரு ஃபிரீசரும் ஒரு விளக்கும் தொலைபேசியும் மட்டும் கீழே தெருவில் நின்ற ஜெனரேட்டரில் ஓடின. அதன் உறுமல் சுவர் வழியாக ஏறி, மேசை வழியாக வந்து, தட்டுகளில் இருந்த குழாய்களை ஒன்றோடொன்று மெல்லத் தட்ட வைத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் இல்லாத உள்ளறை. டீசல் மணம், கார்ப்பெட் புழுக்கம், அதற்கு அடியில் இன்னொரு மணம். பால் பொங்கி வழிந்த அடுப்பைப் போல. அது எங்கிருந்து வருகிறது என்று அவர் தேடவில்லை.

இயந்திரங்கள் எல்லாம் நகரத்துக்கு வெளியே இருந்த ஆல்பனிக் கிளைக்குப் போய்விட்டன. சேமித்து வைத்த சீரங்கள்தான் மிச்சம். ஐந்து மணிக்கு அவற்றை ஏற்றிப்போக வான் வண்டி வரும். நானே தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று இந்த வேலையை அவர் கேட்டு வாங்கியிருந்தார்.

பதினேழாம் குழாய்க்காகத்தான் கேட்டார்.

சோபனாவின் சீரம் அது. சான்ட்ரிங்ஹாமில் இருந்தவள். இருபத்தெட்டு வயது. அவளுக்கு வந்தது முத்துப்பிள்ளைக் கர்ப்பம். பிள்ளை உருவாகாமல், கருப்பைக்குள் திராட்சைக் குலையாகத் திசு மட்டும் வளர்வது. அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஆனால் ஒரு துணுக்கு தங்கினாலும் புற்றாக மாறலாம். மாறினால் கர்ப்ப ஹார்மோன் இரத்தத்தில் ஏறும். அது ஒன்றுதான் அடையாளம். நேரத்தோடு கண்டால் மருந்திலேயே முற்றாகத் தீரும் புற்று.

சுரண்டி எடுத்த பிறகு அவள் நாலு மாதம் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வரவில்லை. போன ஜூலையில் வந்தாள். பரிசோதனைத் தாளில் மருத்துவர் 'இருமல்' என்று எழுதியிருந்தார்.

ஏரம்பமூர்த்திக்கு வந்த விடை பதினொன்று. மிகக் குறைவு. பயமில்லை.

அந்த விடையை நம்பக்கூடாது என்று அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருட அனுபவம். ஹார்மோன் அளவு கடந்து பெருகினால் பரிசோதனை திணறிவிடும். மிக அதிகமானது மிகக் குறைவாகத் தெரியும். முத்துப்பிள்ளைக்காரியின் சீரம் என்றால் தண்ணீர் கலந்து நீர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றுக்குப் பத்து, ஒன்றுக்கு நூறு, ஒன்றுக்கு ஆயிரம். நீர்க்க நீர்க்க ஒளிந்திருப்பது வெளியே வரும். புதிதாக வருபவர்களுக்கு அவரே இதைச் சொல்லிக்கொடுப்பார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்குத் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழு. அவர் தலைவர். பதினொன்று என்று எழுதிக் கையொப்பம் போட்டுவிட்டுப் போனார்.

அதை நம்பி அவளுக்குக் காசநோய்க்குப் பார்த்தார்கள். ஆஸ்துமாவுக்கு மருந்து கொடுத்தார்கள். நவம்பரில் நுரையீரல் முழுக்கப் புற்றோடு செத்தாள். தகனமண்டபத்தில் இரங்கலுரை வாசித்தவர் சங்கத் தலைவர். நன்றாக வாசித்தார் என்று சொன்னார்கள். மறுநாள் காலை வேலைக்கு வந்ததும் ஜூலை மாதப் பதிவுத்தாளை எடுத்து, அதே நிற மையில் ஒரு வரி சேர்த்தார். ஒன்றுக்கு நூறு நீர்த்துப் பார்த்தது. மாற்றமில்லை.

இப்போது அவள் மரண விசாரணைக்குப் பதிவுத்தாளையும் சீரத்தையும் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை அந்தச் சீரத்தை ஆல்பனியில் நீர்த்துப் பார்ப்பார்கள். அந்த வரி பொய் என்று சொல்லக்கூடியது உலகத்தில் இந்த அரை மில்லிலீட்டர் மட்டும்தான்.

தொலைபேசி அடித்தது.

"மூர்த்தி அண்ணை, கஜந்தினி கதைக்கிறன். ஆல்பனியிலையிருந்து."

சோபனாவின் தங்கை. இதே ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை. அக்காவின் கையில் ஊசி குத்தி இந்த இரத்தத்தை எடுத்ததும் அவள்தான்.

"ஓம் பிள்ளை, சொல்லும்."

"நாலு மாடியும் ஏறி இறங்கி மெலிஞ்சிருப்பியள். வருசம் முழுக்கக் கரண்ட் இல்லாட்டில் சங்கத்துக்கு வடிவான தலைவர் கிடைப்பார்."

அவர் சிரித்தார்.

"லிஸ்ட்டைச் சரிபாக்கச் சொன்னவை அண்ணை. வாசிக்கட்டே?"

அவள் வாசித்தாள். அவர் ஓம் ஓம் என்றார். நாலாவது தட்டுக்கு வந்தபோது அவள் குரல் மாறவில்லை.

"பதினேழு. அக்காவின்ர."

"அது உடைஞ்சிட்டுது பிள்ளை."



"பிளாஸ்டிக் குழாய் எப்பிடி அண்ணை உடைஞ்சது?"

"உடையேல்லை. மூடி கழண்டிட்டுது. ஊத்துப்பட்டிட்டுது."

"எங்கை?"

"சிங்குக்குள்ளை."

"அப்ப தண்ணியோட கலந்திருக்கும்."

"ஓம்."

"நல்லது அண்ணை" என்றாள். வைத்துவிட்டாள்.

அந்த 'நல்லது' அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். இனி அதை உண்மையாக்க வேண்டும். சிங்குக்குப் போய் மூடியைத் திருகினார். பால் மணம் முகத்தில் அடித்தது. கவிழ்த்தார். மஞ்சளாக ஒரு கோடு வெள்ளைப் பீங்கானில் இறங்கி, துளைக்குள் போனது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் மெலிதாக வந்தது. அதன் கீழே விரல்களைத் தேய்த்துக் கழுவினார். புழுக்கம் தாங்கவில்லை. முகத்தில் அடித்துக்கொண்டார். இரண்டு கை ஏந்திக் குடித்தார்.

தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. கோடைதானே.

பின்னால் யாரோ இருமினார்கள்.

ஒரு முறை. வறண்ட, சிறிய இருமல். வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருமுவது போல. திரும்பினார். திறந்துகிடந்த ஃபிரீசரில் இருந்து வெண்ணிறக் குளிர் வழிந்து தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. ஜெனரேட்டர் புகைகிறது, அதுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

சிங்க் நிறைந்திருந்தது.

அவர் அடைப்பான் போடவில்லை. ஆனாலும் தண்ணீர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது. நிறம் வெளிர்மஞ்சள். குழாயை மூடினார். துளைக்குள் விரலை விட்டார். அடைப்பு எதுவும் தட்டுப்படவில்லை. மென்மையாக, உருண்டை உருண்டையாக ஏதோ விரல்நுனியில் உரசிவிட்டு நழுவியது. திராட்சை போல.

கையை இழுத்துக்கொண்டார்.

மெல்ல, தன்பாட்டில், தண்ணீர் வடிந்தது. அடியில் கொஞ்சம் தேங்கி நின்றது.

தடயம் போய்விட்டதா என்று பார்ப்பது அவருடைய தொழில். அலமாரியில் கர்ப்பம் பார்க்கும் ஸ்டிரிப் பெட்டி இருந்தது. அதே ஹார்மோனைத்தான் அதுவும் காட்டும். ஒரு கோடு எப்போதும் வரும், ஸ்டிரிப் வேலை செய்கிறது என்பதற்கு. இரண்டாவது கோடு வந்தால் ஹார்மோன் இருக்கிறது. சிங்கில் தேங்கியதை ஒரு காகிதக் கோப்பையில் அள்ளி ஸ்டிரிப்பை முக்கினார். அரை மில்லிலீட்டர், இவ்வளவு தண்ணீரில். ஒன்றும் தெரியாது.

இரண்டு கோடு.

குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் பிடித்தார்.

இரண்டு கோடு. முதலாவதைவிடச் சிவப்பாக.

பெட்டி பழசு. சூட்டில் கெட்டிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். மேசையில் கைகளை ஊன்றிக்கொண்டார். மணி பார்த்தார். நாலு இருபது. வான் வர நாற்பது நிமிடம். தட்டுகளை ஐஸ் பெட்டியில் அடுக்கினால் போதும். கீழே போய்விடலாம்.

அப்போது உறுமல் நின்றது.

விளக்கு அணைந்தது. பதினைந்து நாளாக அந்த ஓசை காதில் இருந்ததால், அது போன இடம் ஒரு பள்ளமாக இருந்தது. அதற்குள் ஒவ்வொன்றாகக் கேட்டன. சொட்டும் தண்ணீர். பனி இளகும் தட்டு. மூச்சு. தன் மூச்சுத்தான் என்று சிறிது நேரம் நினைத்திருந்தார். அடக்கிப் பார்த்தார். மற்றது நிற்கவில்லை.

டோர்ச்சைத் தேடி எடுத்தார். வாசல் எந்தப் பக்கம் என்று ஒளியைத் திருப்பினார்.

தொலைபேசி அடித்தது.

அந்தத் தொலைபேசி மின்சாரத்தில் ஓடுவது. அது அவருக்குத் தெரியும். எடுத்தார்.

"அண்ணை."

"கஜந்தினி, இங்கை ஜெனரேட்டர் நிண்டிட்டுது. நான் பிறகு எடுக்கிறன்."

"தங்கச்சி ஆல்பனியிலை நிக்கிறாள் அண்ணை."

அவர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. நெஞ்சின் அடியில் இருந்து, வறட்டு இருமல். மீண்டும். மீண்டும்.

"உங்களுக்கும் வந்திட்டுதோ" என்றது குரல். அதில் பரிவு இருந்தது. "எனக்கும் முதல் இப்பிடித்தான். காசநோய்க்குப் பாத்தவை."

கையில் துப்பினார். டோர்ச் வெளிச்சத்தில் சிவப்பு.

"உங்களுக்குப் பயமில்லை அண்ணை. பாருங்கோ. பதினொண்டாத்தான் இருக்கும்."

பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஓட வேண்டும் என்று இல்லை. கோப்பையில் துப்பினார். ஸ்டிரிப்பை முக்கினார். டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார். மூன்று நிமிடம். பால் மணம் இப்போது அவர் வாயில் இருந்து வந்தது.

ஒரு கோடு.

ஒன்று மட்டும். சிரிக்கப் பார்த்தார். ஒன்றும் இல்லை. தன்னிடம் ஒன்றும் இல்லை.

மேசையில் கிடந்த ரிசீவர் மெல்லக் கேட்டது.

"நீர்த்துப் பாத்தனீங்களோ?"

அவர் ஸ்டிரிப்பைக் கீழே வைத்தார்.

"அப்ப பாக்கேல்லை. இப்ப பாருங்கோ. நான் நிக்கிறன்."

அவசரமில்லாத குரல். வெள்ளிக்கிழமை இல்லை. செயற்குழு இல்லை. கை தானாகப் போனது. கோப்பைகளை வரிசையாக வைத்தார். தண்ணீர் விட்டார். ஒன்றுக்குப் பத்து. இரண்டாவது கோடு நிழலாக வந்தது. ஒன்றுக்கு நூறு. இளஞ்சிவப்பு. ஒன்றுக்கு ஆயிரம். சிவப்பு. பெண்ணுக்கு வந்த புற்று. எனக்கு எப்படி. ஒன்றுக்குப் பத்தாயிரம். அடர்சிவப்பு. இது குறைய வேண்டும். எங்காவது குறைய வேண்டும். ஒன்றுக்கு லட்சம். இருமினார். நெஞ்சுக்குள் ஏதோ குலையாக அசைந்தது.

கீழே ஹோர்ன் அடித்தது. வான். படியில் யாரும் ஏறி வரவில்லை.

ஃபிரீசருக்குள் ஒருவர் இருமினார். அடுத்த தட்டில் இன்னொருவர்.

கடைசிக் கோப்பையில் அவர் எதையும் கலக்கவில்லை. வெறும் தண்ணீர். ஸ்டிரிப்பை முக்கும் முன்பே கோடு சிவந்தது. டோர்ச் மங்கியது. மங்கும் வெளிச்சத்தில் அந்தக் கோடு தடித்து, ஸ்டிரிப்பின் விளிம்பைத் தாண்டி, கோப்பையின் சுவரில் இறங்கி, மேசை மீது அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஏரம்பமூர்த்தி இன்னொரு கோப்பையை எடுத்து வைத்து, அதிலும் தண்ணீர் ஊற்றினார்.